விவசாயத்துக்கு முன்பே பானை ஏன் வந்தது? (ஜோமோன் வகைப் பானை செய்து பார்க்கவும் ஆலோசனை வேண்டும்)

மண்வாசல் கேட்டது:

புதிய கற்காலம் என்றதும் பாடநூல்கள் மூன்றை ஒரே மூச்சில் சொல்லிவிடும்: வேளாண்மை, வழுவழுப்பாகத் தேய்த்த கற்கோடரி, மட்பாண்டம். தானியம் விளைந்தது, கொட்டி வைக்க இடம் வேண்டியிருந்தது, பானை பிறந்தது என்று கணக்கு நேராக முடிந்துவிடுகிறது. ஆனால் ஜப்பானின் ஜோமோன் பானைகள் அங்கே நெல் வருவதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை. வேட்டையாடியும் மீன் பிடித்தும் கொட்டை பொறுக்கியும் வாழ்ந்தவர்கள் செய்தவை.

என் கேள்வி இரண்டு. தானியமே இல்லாதவர்களுக்குப் பானை எதற்கு? சமையலுக்கா, சேமிப்புக்கா, விருந்துக்கா? எதுவானாலும் அதை எப்படி நிரூபிக்கிறார்கள்?

அடுத்தது நடைமுறைக் கேள்வி. தொல்லியல் மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு திட்டமிடப்பட்டிருக்கிறது. சக்கரமும் சூளையும் இல்லாமல் அந்த வகைப் பானையைக் கையால் வனைந்து, திறந்த நெருப்பில் சுட்டு, அதில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். மண் எப்படி இருக்க வேண்டும், எத்தனை நாள் உலர வேண்டும், எங்கே சொதப்பும்?

ஓட்டுச்சில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். வனைவது பற்றி இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலி மேற்கு ஆசியாவை மட்டும் பார்த்துக் கோத்தது. தொல்லியலாளர் கோர்டன் சைல்டு காலத்தில் பானை ஓடு கிடைத்தால் அங்கே உழவர் இருந்தார்கள் என்றே எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மேற்கு ஆசியாவிலேயே அது பொருந்தவில்லை. எரிகோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் மக்கள் பயிர் வைத்து, வீடு கட்டி, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பானையே இல்லாமல் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்துக்கே ‘மட்பாண்டத்துக்கு முந்தைய புதிய கற்காலம்’ என்றுதான் பெயர். கூடை, தோல், மரம், கல், சுண்ணச் சாந்தில் பூசிச் செய்த கலம் ஆகியவை போதுமாக இருந்தன. சுட்ட பானை அங்கே பரவுவது கி.மு. 7000 வாக்கில். பலூசிஸ்தானின் மெஹர்கரிலும் அடியிலுள்ள படிவங்களில் கோதுமையும் வாற்கோதுமையும் உண்டு, பானை இல்லை. நிலக்கீல் (தார் போன்ற பொருள்) பூசிய கூடைகள் உண்டு.

கிழக்கே கதை தலைகீழ். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஷியான்ரென்டோங் குகையில் கிடைத்த ஓடுகள் இருந்த அடுக்கு, இன்றைக்கு 20,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2012இல் அறிவித்தார்கள். பனியுகத்தின் உச்சக் குளிரை ஒட்டிய காலம் அது. ஹூனான் மாகாணத்தின் யுசான்யான் குகை ஓடுகள் ஏறத்தாழ 18,000 ஆண்டுப் பழையவை. ஜப்பானில் அமோரி மாகாணத்து ஓதாய் யாமாமோட்டோவில் 46 சிறு சில்லுகள், ஏறத்தாழ 16,500 ஆண்டுப் பழையவை. அந்த 46ம் ஒரே பானையின் உடைசல்கள் என்றே கருதுகிறார்கள். அவற்றில் அலங்காரமே கிடையாது.

‘ஜோமோன்’ என்றால் கயிற்று வரி. எட்வர்டு மோர்ஸ் 1877இல் தோக்கியோ அருகே ஓமோரி சிப்பி மேட்டைத் தோண்டியபோது பார்த்த ஓடுகளுக்கு ஆங்கிலத்தில் சூட்டிய பெயரின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு அது. ஆனால் மிகப் பழைய ஓடுகளில் கயிற்று வரி இல்லை. வரிசை இப்படி: முதலில் வெறும் ஓடு, பிறகு மெல்லிய மண்திரியை ஒட்டிய கோடுகள், பிறகு நகம் பதித்த வரி, அதற்குப் பிறகே கயிறு. மாணவர்கள் முதல் கட்டப் பானை செய்கிறார்கள் என்றால் கயிறு உருட்டத் தேவையில்லை.

ஆப்பிரிக்காவில் இது தனியாகவே தோன்றியது. மாலி நாட்டின் உஞ்சுகூ ஓடுகள் கி.மு. 10ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை. அங்கேயும் உழவு இல்லை. ஆக ஒரே இடத்தில் கண்டுபிடித்து உலகமெங்கும் போன பொருள் அல்ல பானை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மண்ணைச் சுட்டால் இறுகும் என்ற அறிவு பானையைவிடப் பழையது. இன்றைய செக் நாட்டின் டோல்னி வெஸ்டோனிட்சேயில் சுட்ட மண் பொம்மைகள் 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை, 500 முதல் 800 டிகிரி சூட்டில் வெந்தவை. அவர்கள் ஆயிரக்கணக்கில் உருவங்கள் சுட்டார்கள், ஒரு சட்டிகூடச் செய்யவில்லை. எனவே ‘எப்படிச் சுடுவது என்று தெரிந்ததும் பானை வந்தது’ என்பதும் நிற்காது. தெரிந்திருந்தும் வேண்டாம் என்று இருந்திருக்கிறார்கள். எதற்காக வேண்டியதாயிற்று என்பதுதான் கேள்வி.

கரிப்படிவு:

நிரூபணம் பற்றிக் கேட்டீர்கள். மெருகில்லாத பானை ஒரு பஞ்சு. கொழுப்பு கொதிக்கும்போது சுவரின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சூழல் ஒத்துழைத்தால் பத்தாயிரம் ஆண்டானாலும் எடுக்கலாம். உள்பக்கத்தில் 1 மி.மீ. வரை சுரண்டி எறிந்துவிட்டு, அதற்குக் கீழிருந்து 1 முதல் 2 கிராம் தூள் துளைத்தெடுக்க வேண்டும். அமிலம் கலந்த மெத்தனாலில் சூடாக்கினால் கொழுப்பமிலங்கள் பிரிந்து வரும். கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் வாயு நிறப்பிரிகை, நிறைமாலை கருவிகளில் ஓட்டிப் பார்க்கலாம்.

மீன் என்று சொல்ல மூன்று சாட்சிகள் ஒன்றாக வர வேண்டும். ஒன்று, ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பமிலமும் அதன் உறவினர்களும். இரண்டு, மீன் எண்ணெயின் பன்மடி நிறைவுறாக் கொழுப்பு நீண்ட நேரம் சூடேறினால் வளையமாகச் சுருண்டு உண்டாகும் ஆல்கைல்ஃபீனைல் ஆல்கனாயிக் அமிலங்கள். இவற்றில் 18 கார்பன் உள்ளது தாவர எண்ணெயிலிருந்தும் வரும். 20, 22 கார்பன் உள்ளவையே நீர்வாழ் உயிரைக் காட்டுகின்றன. மூன்று, கார்பன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணுக்கள்) விகிதம். இரண்டாவது சாட்சிக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. சூடில்லாமல் அது உருவாகாது. ஆகவே பானையில் மீன் இருந்தது என்பதோடு, அடுப்பில் வைத்தார்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

2013இல் ஆலிவர் கிரெய்க் குழுவினர் 13 இடங்களிலிருந்து 101 தொடக்க ஜோமோன் (ஜோமோனின் முதல் கட்டம்) பானைகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 15,000 முதல் 11,800 ஆண்டுப் பழையவை. பெரும்பாலானவற்றில் வந்தது நன்னீர் அல்லது கடல் உயிரின் கொழுப்பு. பிறகு ஃபுகுய் மாகாணத்தில் தோரிஹாமா என்ற ஒரே இடத்தை எடுத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தார்கள். பனியுகம் முடிந்து, காடு அடர்ந்து, மானும் கொட்டையும் பெருகிய பிறகும் பானையில் மீன்தான். எலும்புகள் என்னவோ மானையும் பன்றியையும் தாராளமாகத் தின்றதைச் சொல்கின்றன. இறைச்சி நெருப்பில் நேராக வாட்டப்பட்டது போலும். பானை மீனுக்கு என்று வழக்கம் ஊன்றிவிட்டது.

இதை எல்லா இடத்துக்கும் நீட்டாதீர்கள். அமூர் ஆற்றின் கீழ்ப்பகுதிப் பானைகளில் மீன், நடுப்பகுதியில் குரோமதூகா பண்பாட்டுப் பானைகளில் அசைபோடும் விலங்கின் கொழுப்பு. லிபியப் பாலைவனத்தில் ஊவான் அஃபூடா, தகர்கோரி ஓடுகளில் பாதிக்கும் மேல் காட்டுப் புல் விதையும் நீர்த்தாவரமும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காரணம்.

ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிழங்கிலும் கொட்டை மாவிலும் கொழுப்பு குறைவு. அதே பானையில் நூறு நாள் கிழங்கும் பத்து நாள் மீனும் வெந்திருந்தாலும் கருவி மீனைத்தான் உரக்கச் சொல்லும். தாவரம் தேட வேறு வழி வேண்டும். டென்மார்க், வட ஜெர்மனிப் பகுதியில் 6,000 ஆண்டுப் பழைய ஓடுகளில் ஒட்டியிருந்த கரியிலிருந்து பூண்டுக்கடுகு விதையின் சிலிக்கா நுண்துகள்களை எடுத்தார்கள். அந்த விதையில் வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது, மணம் மட்டும்தான். மீன் குழம்புக்குத் தாளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அகழாய்வில் ஓடு எடுப்பவர்களுக்கு: சோதனைக்குப் போகும் ஓட்டைக் கழுவாதீர்கள், பல்துலக்கியால் தேய்க்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். கைப்பட்டால் தோலின் கொழுப்புகளான ஸ்குவாலீனும் கொலஸ்டிராலும் ஏறும், பிளாஸ்டிக்கிலிருந்து தாலேட் என்ற வேதிப்பொருள் இறங்கும். அலுமினியத் தாளில் சுற்றி, ஒட்டியிருந்த மண்ணிலும் ஒரு பிடி சேர்த்து எடுங்கள். மண்ணிலிருந்து கொழுப்பு ஓட்டுக்குள் வந்ததா என்று ஒப்பிட அது வேண்டும்.

தட்டுப்பலகை:

செய்முறைக்கு வருகிறேன். நீளும்.

மண்: ஏரி வண்டல் போதும். கரிசல் மண்ணைத் தொடவே வேண்டாம். தண்ணீரை வாங்கி ஊதி, காயும்போது பாளம் பாளமாகப் பிளக்கும். வண்டலிலும் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த மண் கட்டியில் நல்ல காடியை விட்டால் நுரைக்கிறதா? நுரைத்தால் வேறு இடம் தேடுங்கள். சுக்கான் நெருப்பில் சுண்ணாம்பாகிவிடும். சுட்ட பானை முதல் நாள் அழகாக இருக்கும். பிறகு அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, ஒரு வாரத்தில் பானை முகம் முழுக்க அம்மைத் தழும்புபோலப் பொரிந்துவிடும். கடற்கரை மணலைக் கலந்தாலும் சிப்பித் துணுக்கால் இதே கதி. சிப்பித் தூள் கலந்து பானை செய்த சமூகங்கள் உண்டு; அவர்கள் நெருப்பை அடக்கிச் சுட்டார்கள். முதல் முறை செய்பவர்களுக்கு அந்த வம்பு எதற்கு?

சுருக்கச் சோதனை செய்யாமல் வனையத் தொடங்காதீர்கள். பிசைந்த மண்ணில் ஒரு பட்டை செய்து, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி நிழலில் உலர்த்துங்கள். 9.2 முதல் 9.5 செ.மீ. வரை நின்றால் நல்லது. 9க்குக் கீழே போனால் மண்ணில் சேர்க்கும் துகள் கலப்பு போதவில்லை.

கலப்பு: மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு கல் துகள், அளவால், எடையால் அல்ல. ஷியான்ரென்டோங் ஓடுகளிலும் நொறுக்கிய குவார்ட்சைட், ஃபெல்ட்ஸ்பார் துகள்களே கலந்திருக்கின்றன. கருங்கல்லை நெருப்பில் போட்டுச் சுட்டுத் தண்ணீரில் தள்ளினால் விரிசல் விட்டுப் பொடிக்க எளிதாகும். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். 1 முதல் 2 மி.மீ. துகளாகச் சலிக்க வேண்டும். ஆற்று மணல் உருண்டையாக இருப்பதால் மண்ணில் பிடிப்பு குறைவு. உடைத்த துகளின் முனை நன்றாகக் கவ்வும். கலப்பு செய்யும் வேலை இரண்டு. உலரும்போது தண்ணீர் வெளியேற வழி விடும். அடுப்பில் விரிசல் கிளம்பினால் துகளில் முட்டி அங்கேயே நின்றுபோகும். நைஸான மண்ணில் விரிசல் கோடுபோட்டதுபோல ஓடிவிடும்.

முதல் கட்டத்துக்குப் பின்வந்த ஜோமோன் பானைகளில் நார் கலந்தவையும் உண்டு. நார் கலந்தால் பானை எடை குறையும், ஈர மண்ணிலேயே சீக்கிரம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் நார் எரிந்து துளையாகி, சூடு கடத்துவது மந்தமாகும், தேய்மானமும் அதிகம். உங்கள் நோக்கம் தண்ணீர் கொதிக்க வைப்பது என்பதால் கல் துகளே சரி.

மிதித்துப் பிசைந்த மண்ணை ஈரத்துணி மூடி நான்கைந்து நாள் ஊறப்போடுங்கள். பிறகு மறுபடி பிசைந்து விரல் பருமனில் திரிகளாக உருட்ட வேண்டும். உருண்ட அடி அல்லது கூம்பு அடி தரையில் நிற்காது. மண்ணில் ஒரு குழி பறித்து, இலையோ சாம்பலோ போட்டு அதற்குள் வைத்து எழுப்புங்கள். ஒவ்வொரு திரியையும் ஒட்டும்போது உள்பக்க மண்ணைக் கீழ்நோக்கியும் வெளிப்பக்க மண்ணை மேல்நோக்கியும் இழுத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே திசையில் தேய்த்தால் மூட்டு மூடியதுபோலத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. தொல்லியல் ஓடுகள் கிடைமட்டமாக, பள்ளம் மேடாக உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூட்டு விட்டுப்போன அடையாளம்.

ஒரே நாளில் முழுவதும் எழுப்ப ஆசைப்பட்டால் வயிறு தொங்கிவிடும். 8 முதல் 10 செ.மீ. எழுப்பியதும் நிறுத்தி, விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடிவிட்டு, அடிப்பகுதி இறுகும்வரை பொறுங்கள். 25 செ.மீ. உயரப் பானைக்கு மூன்று அமர்வு ஆகும். உள்ளே ஒரு கூழாங்கல், வெளியே தட்டுப்பலகை வைத்துத் தட்டிச் சுவரை 7, 8 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். தடித்த சுவர் பலம் என்று நினைப்பார்கள். உள்ளும் வெளியும் வெவ்வேறு வேகத்தில் சூடேறி முதலில் வெடிப்பது அதுதான். அடிக்கும் சுவருக்கும் இடையே மூலை வேண்டாம். தட்டை அடிப் பானை மூலையிலேதான் பிளக்கும்.

கயிற்று வரி வேண்டுமென்றால் 3, 4 மி.மீ. முறுக்குக் கயிற்றைப் பானைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். அழுத்தி எடுப்பது வேறு, உருட்டுவது வேறு. மண் கையில் ஒட்டாத, ஆனால் நகம் பதியும் பதம் வேண்டும். வரி அழகுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால் சூட்டில் தோல் உரிவது குறைகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

உலர்த்தல்: நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில், இரண்டு வாரம். அடியைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது.

சுடுதல்: பானை வெடிப்பதற்குக் காற்றுக் குமிழி காரணம் என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஆவி. 100 டிகிரியைத் தாண்டும்போது சுவருக்குள் எஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தட்டு தட்டாகப் பெயர்க்கும். அதனால் முன்சூடு முக்கியம். பானைகளை நெருப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்துத் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல அருகே கொண்டுவாருங்கள். தரையும் ஈரமாக இருக்கக் கூடாது. முதலில் அதே இடத்தில் ஒரு நெருப்பு எரித்துத் தணலாக்குங்கள். பானையைக் கவிழ்த்துத் தணல்மேல் வைத்து, சுற்றிலும் சுள்ளி, பிறகு பிளந்த விறகு. மூன்று நான்கு பானைக்கு 50 கிலோ காய்ந்த விறகு வைத்துக்கொள்ளுங்கள். திறந்த நெருப்பு அரை மணிக்குள் 600 டிகிரியைத் தொட்டுவிடும், 700 முதல் 800 வரை போகும். பானை மங்கலான சிவப்பாக ஒளிர்வதை அந்தி வெளிச்சத்தில் பார்க்க எளிது. அந்த நிலை 20 நிமிடம் நின்றால் போதும். அவசரப்பட்டு வெளியே இழுக்காதீர்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று சுருங்கும், அப்போது காற்று பட்டால் ‘டிங்’ என்று ஓர் ஒலி கேட்கும், கதை முடிந்தது. சாம்பலுக்குள்ளேயே ஆறட்டும்.

ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் சேறாகக் கரைந்தால் வேகவில்லை. உடைத்த இடத்தில் நடுவே கறுப்புப் பட்டை தெரிந்தால் பயப்பட வேண்டாம், மண்ணிலிருந்த கரிமப் பொருள் முழுக்க எரிய நேரம் போதவில்லை, அவ்வளவே. பழைய ஓடுகளிலும் அப்படித்தான்.

மண்வாசல்:

மிக்க நன்றி. இரண்டு வாரம் உலர்த்தல், காய்ந்த விறகு, மழையில்லாத நாள் என்று பார்த்தால் இது ஓரிடத்தில் தங்கியிருப்பவர்கள் செய்யும் வேலைபோலத் தெரிகிறது. நாடோடிகளாக அலைந்தவர்களுக்கு எப்படி முடிந்தது? பானை இல்லாமல் கொதிக்க வைக்கவே முடியாது என்பதால் இந்தப் பாடு பட்டார்களா?

நெய்தல்:

கொதிக்க வைக்கப் பானை கட்டாயம் இல்லை. தோல் பையிலோ இறுகப் பின்னிய கூடையிலோ தண்ணீர் ஊற்றி, நெருப்பில் சுட்ட கற்களை ஒவ்வொன்றாகப் போட்டால் கொதிக்கும். உலகில் பல மக்கள் அண்மைக்காலம் வரை செய்தார்கள். சிக்கல், யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து கல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பானை அந்த ஆளை விடுவிக்கிறது. மீனிலிருந்து எண்ணெய் எடுக்க வேண்டுமானால் மணிக்கணக்கில் மெல்லிய கொதியில் வைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுக்க வேண்டும். கல் போடும் முறையில் அது பெரும்பாடு.

அலைச்சல் பற்றிய உங்கள் சந்தேகம் சரியான இடத்தைத் தொடுகிறது. தொடக்க ஜோமோன் இடங்களில் ஓடுகள் கைப்பிடி அளவே கிடைக்கின்றன. பானை குவியல் குவியலாகக் கிடைப்பது 11,500 ஆண்டுகளுக்கு முன் வெப்பம் கூடி, மக்கள் ஊராகத் தங்கத் தொடங்கிய பிறகு. முதல் சில ஆயிரம் ஆண்டுகளுக்குப் பானை அன்றாடப் பொருளாக இல்லை என்றே இதற்குப் பொருள். சால்மன் ஆற்றில் ஏறும் பருவம்போல, பலர் ஓரிடத்தில் சில வாரம் கூடியிருக்கும் காலத்துக்கான பொருள். தட்டுப்பலகை சொன்ன உலர்த்தும் காலமும் விறகும் அந்தத் தங்கலுக்குள் அடங்கிவிடும். மிச்ச மாதங்களில் தோல் பையோடு போய்விடலாம்.

பலர் கூடும் இடம் என்றதும் தொல்லியலாளர் பிரையன் ஹைடன் வாதம் வரும். முதல் பானைகள் வசதிக்காக அல்ல, விருந்து வைப்பவர் பெருமைக்காக என்பார் அவர். அரிய கலம், அரிய கொழுப்பு, வந்தவர்கள் முன்னால் பரிமாறுதல், அதனால் வரும் கடன்பாடு. எனக்கு இதில் பாதிதான் ஏற்பு. கூடி உண்டதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஒருவர் மற்றவரைவிட உயர்ந்து நின்றதற்குத் தொடக்க ஜோமோனில் புதைகுழியோ வீடோ எதுவும் சாட்சி சொல்லவில்லை. அலங்காரமில்லாத 46 சில்லைக் காட்டிப் பெருமை பேசுவது கொஞ்சம் அதிகம்.

பானை வேண்டாம் என்று சமூகம் இழுத்துப் பிடித்ததற்கும் உதாரணம் உண்டு. வட அமெரிக்காவின் சவானா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 4,500 ஆண்டுகளுக்கு முன் நார் கலந்த பானை வந்துவிட்டது. ஆனாலும் நெடுங்காலம் அதை அடுப்பில் ஏற்றவில்லை. பானைக்குள் தண்ணீர் ஊற்றி, சுட்ட மாக்கல் துண்டுகளைப் போட்டே கொதிக்க வைத்தார்கள். நம் ஊர்க் கல்சட்டி செய்யும் அதே மாக்கல், சூட்டுக்கு உடையாது. தொல்லியலாளர் கென்னத் சாசமான் இதற்குச் சொல்லும் காரணம், மாக்கல் தொலைவிலிருந்து பண்டமாற்றில் வந்தது, அந்தப் பரிமாற்றத்தில்தான் உறவுகளும் செல்வாக்கும் கட்டப்பட்டிருந்தன என்பது. பானையை நேரடியாக அடுப்பில் வைத்தால் மாக்கல்லுக்கு வேலை போய்விடும். கடலோர மக்களுக்கு அந்தப் பந்தம் குறைவு, அவர்கள் முதலில் அடுப்பில் ஏற்றினார்கள்.

பரவிய வேகமும் ஒரு சமூகச் செய்திதான். காஸ்பியன் கடல் பக்கமிருந்து பால்டிக் வரை வேட்டைச் சமூகங்களிடையே பானை கி.மு. 6000 வாக்கில் பரவத் தொடங்கி, 3,000 கி.மீ. தூரத்தை நானூறு ஆண்டுகளுக்குள் கடந்துவிட்டது. மக்கள் பெயர்ந்து போய்ப் பரப்பியது என்பதற்கு இது மிக வேகம். அக்கம்பக்கத்தார் பார்த்துக் கற்றுக் கைமாற்றியது என்று கொள்ளவே இடமிருக்கிறது. வனைவதைப் பார்த்தே கற்க முடியும், உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு கற்க முடியாது. பெண் கொடுத்து எடுத்த வழியாகவா என்று கேட்பவர்கள் உண்டு. கையால் வனையும் பல சமூகங்களில் வனைபவர் பெண் என்பதால் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் இன்றைய வழக்கத்தை 8,000 ஆண்டு பின்னால் அப்படியே தள்ளிவைப்பது எனக்கு உறுத்தல்.

ஊராகத் தங்கிய பிறகு பானைக்கு வேறு வேலைகளும் வந்தன. அமோரியின் சன்னாய் மருயாமாவில் (ஏறத்தாழ 5,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்) இறந்த குழந்தைகளைச் சமையல் பானை போன்ற கலங்களிலேயே வைத்துப் புதைத்தார்கள், பெரியவர்களுக்குக் குழி. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் புதிய கற்காலக் குழந்தைகளைத் தாழியில் இட்டதும், பெரியவர்களை நீட்டிக் கிடத்தியதும் நினைவுக்கு வரலாம். தொடர்பு ஏதும் கிடையாது. ‘முதுமக்கள் தாழி’ என்று பழகிய நமக்கு இது திகைப்பாக இருக்கும், அதற்காகச் சொன்னேன். நீகாத்தாவின் தீச்சுடர் வடிவப் பானைகளும் அந்த நடு ஜோமோன் காலத்தவையே. விளிம்பில் கையே வைக்க முடியாத அளவுக்குக் கொம்பும் சுருளும். வழிபாட்டுப் பொருள் என்று சொல்லிவிடத் தோன்றும், ஆனால் பலவற்றின் உள்ளே கருகிய உணவு ஒட்டியிருக்கிறது. அடுப்பு வேறு, சடங்கு வேறு என்ற பிரிவு நம்முடையது.

ஓட்டுச்சில்:

நான் மேலே எழுதிய தேதிகளுக்கு ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ஓதாய் யாமாமோட்டோவில் கார்பன் கணிப்பில் தேதி எடுத்தது ஓட்டில் ஒட்டிய கரியிலிருந்து. அந்தக் கரி மீன் குழம்பு என்றால் தேதி உண்மையைவிடப் பழையதாக வரும். கடலிலும் சில ஏரி ஆறுகளிலும் பழைய கார்பன் கலந்திருப்பதால் மீனின் உடலே சில நூறு ஆண்டு ‘வயதானதாக’ இருக்கும். ஷியான்ரென்டோங்கில் நேர்மாறான சிக்கல்: ஓட்டில் எடுக்கவில்லை, அதே அடுக்கின் கரியிலும் எலும்பிலும் எடுத்தார்கள். குகைத் தரையில் எலி வளை தோண்டினால் மேல் ஓடு கீழே போகும் என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. மண் அடுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, கலைந்த அடையாளம் இல்லை என்று அகழ்ந்தவர்கள் பதில் சொன்னார்கள். எப்படிக் கழித்தாலும் பானை உழவுக்கு முந்தியது என்பது மாறாது. எந்த ஊர் முதல் என்று பந்தயம் கட்டுவதற்குத்தான் இந்தத் தேதிகள் உதவாது.

மண்வாசல்:

கடைசியாக ஒன்று. சுட்ட பானையில் தண்ணீர் ஊற்றினால் வியர்க்குமே, கொதிக்குமா?

தட்டுப்பலகை:

அப்படியே ஊற்றினால் கொதிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். 700 டிகிரியில் சுட்ட ஓடு முழுக்கத் துளை. தண்ணீர் சுவர் வழியே கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகி, அடுப்பு கொடுக்கும் சூட்டைத் தின்றுவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அதேதான் இங்கே எதிரி. 80, 90 டிகிரியில் நின்று வெறுப்பேற்றும்.

உள்பக்கத்தை அடைக்க வேண்டும். சுடுவதற்கு முன்பே, மண் பாதி இறுகிய பதத்தில், உள்சுவரைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள். சுட்ட பிறகு புதுச்சட்டியைப் பழக்குவதுபோல வடிகஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் வற்றவிட்டு, ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை செய்யுங்கள். மாவுச்சத்து துளைக்குள் போய்க் கருகி அடைத்துவிடும். மீன் கொழுப்பும் அதே வேலையைச் செய்யும், மணம் தாங்கினால். ஜோமோன் சமையலறையில் முதல் சில சமையலே அடைப்பாக இருந்திருக்கும்.

பானையை மூன்று கல்மேல் ஏற்றாமல் கூம்பு அடியைத் தணலுக்குள் புதைத்து, சுற்றிலும் சிறு தீ மூட்டுங்கள். முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெற்றுப் பானையைச் சூடேற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடி அப்படியே கழன்று வரும். சோதனை முடிந்ததும் வெளியே புகைக்கரி எந்த உயரம் வரை, உள்ளே கருகல் வளையம் எங்கே என்று அளந்து படமெடுத்து வையுங்கள். பழைய ஓட்டில் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துத்தான் எவ்வளவு நிரப்பினார்கள், தணலில் வைத்தார்களா சுவாலையில் வைத்தார்களா என்று கணிக்கிறார்கள். பானையில் விரிசல் விழுந்தால் தூக்கி எறியாதீர்கள்: விரிசலின் இரு பக்கமும் கல் ஊசியால் ஒவ்வொரு துளை குடைந்து கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஜோமோன் ஓடுகளில் அந்த இரட்டைத் துளைகள் நிறைய உண்டு. எதற்குத் துளை என்று மாணவர்கள் கேட்கும்போது காட்ட உதவும்.

கஞ்சி ஊற்றிய பானையைக் கரிப்படிவு நண்பரிடம் மட்டும் சோதனைக்கு அனுப்பாதீர்கள்.

கரிப்படிவு:

அதற்கென்று கஞ்சி ஊற்றாத ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் மீன் மட்டும், குறைந்தது பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் அளந்து. அது ஒப்பீட்டுக்கு உதவும்.